மூடி இல்லாமல் வாங்கிய சாமான்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு இந்த ஓரம்தான் சௌகரியம். மலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ஜன்னல் சீட்டு வேண்டும், பள்ளத்தைப் பார்க்க வேண்டும், போனில் படம் பிடிக்க வேண்டும். எனக்கு இந்தக் கொல்லிமலையில் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். ஓட்டினவன். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு முட்டி இடிக்க உட்கார்ந்து வருகிறேன்.

வாத்தியாரா? அப்படித்தான் நினைத்தேன். வெயில் காலத்தில் குடை கொண்டுவருகிறவர் வேறு யாராக இருக்க முடியும். மாற்றலா? கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் செம்மேட்டில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நடுவில் எழுந்து போகலாம் என்று பார்க்காதீர்கள், நிற்கக்கூட இடமில்லை.

என் பெயர் அர்த்தநாரி. சேந்தமங்கலத்தில் வாழைக்காய் அர்த்தநாரி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். கூடவே நாலு வார்த்தை கெட்டதாகவும் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோபக்காரன் என்பார்கள். ஒரு பொருளை விற்கிறவன் சொன்ன விலைக்கு வாங்க மாட்டான் என்பார்கள். ஏன் வாங்க வேண்டும்? பதினைந்து வயதில் மாட்டுச் சந்தையில் தரகனுக்குக் கயிறு பிடித்தேன். அவன் உதைத்தான், மாடும் உதைத்தது. இரண்டு பேரிடமும் பாடம் படித்துத்தான் சொந்தத்தில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். கீழிருந்து சிமெண்ட், மளிகை ஏற்றிக்கொண்டு போவேன். மேலிருந்து வாழைத்தார், பலா, அன்னாசி ஏற்றிக்கொண்டு வருவேன். பதினேழு வருஷம்.

இந்த மலையில் தொழில் என்றால் ஒன்றே ஒன்றுதான் சார். சந்தையன்று காலையில் முதலில் ஏறுகிற வண்டிக்கு நல்ல தார். இரண்டாவதாகப் போகிறவனுக்கு அடிபட்டது, அழுகினது. அவ்வளவுதான். பதினாறு வருஷம் முதலில் போனவன் நான். போன வருஷம் அத்தியப்பன் என்று ஒருத்தன், எனக்கு மூட்டை தூக்கினவன், புது வண்டி எடுத்தான். டர்போ வண்டி. நான் லோடு போட்டு முதல் கியரில் முக்கி முனகி முப்பதாவது வளைவில் திரும்பிக்கொண்டிருப்பேன், அவன் பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கி, "அண்ணா, பின்னாடி வந்து கொஞ்சம் தள்ளி விடட்டுங்களா?" என்பான். ஒரு நாள் இல்லை சார். சந்தைக்குச் சந்தை. கிளீனர் பையன்கள் சிரிப்பார்கள். நான் அந்தச் சிரிப்பைச் சாப்பிட்டுத்தான் மூன்று மாதம் தூங்கினேன்.

புது வண்டி வாங்க வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்கவில்லையா? முகம் கேட்கிறது. ஷோரூமில் பேரம் பேச முடியாது சார். கண்ணாடி போட்ட ஒரு பையன் விலையை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, "ஃபிக்ஸட் சார்" என்கிறான். அச்சடித்த விலைக்கு நான் பல்பொடிகூட வாங்கியதில்லை.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. ஒரு வெள்ளைக்காரன், தன் வீட்டு வாசலிலேயே, ஒற்றை ஆளாக, பாட்டுப் போட்டுக்கொண்டு, பழைய பிக்கப் வண்டிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டுகிறான். அது ஒன்றுமில்லை சார். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற பெட்டி. கரும்பு ஜூஸ் மிஷினில் இரண்டு உருளை பின்னிக்கொண்டு சுற்றுமே, அந்த மாதிரி உள்ளே இரண்டு. எஞ்சின் பெல்ட்டிலேயே அதுவும் ஓடும். காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம். டீசல் கூடினால் இழுவை கூடும். வீடியோ இருபது நிமிஷம். எனக்கு முப்பத்தெட்டு நாள் ஆயிற்று, அது வேறு கதை. அதுதான் இந்தக் கதை.

சாமான் சங்ககிரியில் கிடைத்தது. பழைய லாரி, ஜீப் எல்லாம் உடைத்துச் சாமான் விற்கிற நஜீர் பாய் கடை. வெளிநாட்டு ஜீப் ஒன்றில் இருந்து கழற்றி வைத்திருந்தார். அவர் ஒரு விலை சொன்னார். நான் சிரித்தேன். நான் முதலில் விலை சொல்வதே இல்லை சார், எதிராளிதான் வாய் திறக்க வேண்டும். திறந்தவன் இறங்குவான். மூன்று தடவை கடையை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தேன். மூன்று தடவையும் அவரே கூப்பிட்டார். கடைசியில், "மூடியோட சேத்து இதுதான் முடிவு. இதுக்கு மேல என்னால முடியாது அண்ணே" என்றார்.

"மூடி இல்லாம?"

"மூடி இல்லாம எதுக்கு? இந்தக் கம்பியை இழுத்தீங்கன்னா வாய் பட்டுனு மூடிக்கும். டீசல் வண்டி அண்ணே, ஆயிலைக் குடிச்சிட்டுப் பிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சா சாவியை அணைச்சாலும் நிக்காது. காத்தை அடைச்சாத்தான் நிக்கும்."

"பிச்சுக்கிட்டா பாத்துக்கலாம். மூடி இல்லாம சொல்லுங்க."

சொன்னார். சொல்லிவிட்டு, "சரி, மூடிக்குப் பாதி குடுத்தாப் போதும், எடுத்துட்டுப் போங்க" என்றார். பாருங்கள், பாதிக்கு இறங்கிவிட்டார். ஒரே மூச்சில் பாதிக்கு இறங்குகிறவன் சாமானில் என்ன இருக்கப்போகிறது? வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தேன் சார். அப்படி ஒரு வியாபாரம் என் வாழ்க்கையில் நான் பண்ணியதில்லை.

மாட்டுவதற்கு ஆள் வெளியில் தேட வேண்டியதில்லை. என் சம்சாரம் மலர்க்கொடியின் தம்பி பூபதி, செம்மேட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். கைகாரன். காது கொடுத்து எஞ்சினைக் கேட்டால் எந்த வால்வு என்று சொல்வான். ஆனால் அவன் ஒர்க் ஷாப்பில் வைத்துச் செய்தால் மறுநாளே அத்தியப்பன் காதுக்குப் போய்விடும். பானெட்டை வெட்டி ஓட்டை போட வேண்டும், யாராவது ஆர்.டி.ஓ. ஆபீசில் போட்டுக்கொடுத்தால் அது ஒரு தொல்லை. அதனால் வீட்டிலேயே என்று முடிவு பண்ணினேன். என் வீட்டு போர்டிகோவில் வண்டியை மூக்கு உள்ளே போகிற மாதிரி விட்டேன். முன்கதவு பாதிக்கு மேல் திறக்காது. அதனால் என்ன, பின்கதவு இருக்கிறது.

பூபதி தினமும் முதல் பஸ்ஸில் இறங்கி வருவான், கடைசி பஸ்ஸில் ஏறிப் போவான். ஒர்க் ஷாப்பைப் பூட்டிவிட்டு வந்தான். கூலியா? சொந்தத்துக்குள் என்ன சார் கூலி? மூன்று வேளையும் சோறு போட்டேன். முட்டை போட்டேன். அவனும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் நாளே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு மூடி ஒண்ணு வருமே, எங்க?" என்றான்.

"அதுல மூடியே இல்லைனு சொல்லிட்டாருடா பாய்."

வரவில்லைதானே சார்? என்னோடு வரவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"மூடி இல்லாம ஓட்டறது சரியில்ல மாமா."

"நீ மாட்டு. நானே தகரத்துல ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றேன். செய்யலாம் என்றுதான் இருந்தேன்.

முப்பத்தெட்டு நாள். இரும்புப் பட்டையை அறுத்து, வெல்டு வைத்து, பெட்டியைத் தாங்க ஒரு தொட்டில் மாதிரிச் செய்தான். பெல்ட் அளவு பொருந்தவில்லை, நான்கு பெல்ட் மாற்றினோம். கிரைண்டருக்குச் சமையலறையில் இருந்து வயர் இழுத்தோம். அவன் இரும்பை அறுக்கத் தொடங்கினால் வீடு முழுக்கக் கரண்டு போய்விடும். மலர்க்கொடி உள்ளே இருந்து கத்துவாள். "ஒரு மாசமா பொழக்கடை வழியா பூந்து போயிட்டிருக்கேன். விருந்தாளி வந்தா வண்டிக்கு அடியில தவழ்ந்து வரச் சொல்லட்டுமா?" பூபதி சிரிப்பான். "அக்கா, விருந்தாளியே வராத வீடு இது. மாமா வாய்க்குப் பயந்துட்டு." எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் எனக்கு எதிராகச் சொன்னதாகவே அப்போது தோன்றியது.

எத்தனையாவது வளைவு? இருபத்திரண்டா? பாருங்கள், பஸ்ஸே இப்படித் திணறுகிறது. வயிற்றைப் புரட்டினால் சொல்லிவிடுங்கள், நான் காலை மடக்கிக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டாவது நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் சந்தை. பூபதி சொன்னான், "மாமா, பெட்டியில சீல் தேஞ்சிருக்கு, ஆயில் கசியுது. சேலத்துக்குச் சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை வந்துரும். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." திங்கட்கிழமை எனக்கு எதற்கு? சந்தை சனிக்கிழமை. நான் கத்தினேன். கொஞ்சம் கத்தினேன். "மலையில பஞ்சர் ஒட்டறவனுக்கு என் அவசரம் எங்கடா தெரியும்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, போட்டுப் பாருங்க. ரேஸ் குடுக்காதீங்க" என்றான்.

நான் சாவியைத் திருப்பினேன். அந்தச் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். விசில் மாதிரி, அதற்குள்ளே உறுமல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அத்தியப்பன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ரேஸ் கொடுத்தேன். லேசாகத்தான். அப்புறம் காலை எடுத்துவிட்டேன் சார், சத்தியமாக எடுத்துவிட்டேன். ஆனால் வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சாவியை அணைத்தேன். நிற்கவில்லை. சாவியைக் கையில் உருவி எடுத்துவிட்டேன், வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. கசிந்த ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடுகிறது. வெள்ளைப் புகை வீட்டுக்குள் போகிறது. முன்கதவை வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே மலர்க்கொடி இருமுகிறாள். கியர் போட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்தலாம் என்றால் பின்சக்கரம் ஜாக்கி மேல் நிற்கிறது. ஜாக்கியை விட்டு வண்டி குதித்தால் நேராகக் கதவு, அதற்குப் பின்னால் அவள்.

பூபதி வண்டிக்குள் கிடந்த ரப்பர் மிதியடியை உருவினான். பெட்டியின் வாயில் வைத்து அழுத்தினான். காற்று நின்றால் எஞ்சின் நிற்கும். சரியான யோசனைதான். மிதியடியை அது இழுத்தது. மடங்கி உள்ளே போனது. கூடவே கையும் போனது.

வண்டி நின்றுவிட்டது.

நானா? நான் கேட் பக்கம் இருந்தேன். தெருவில் போகிற ஜனங்களை யாராவது தடுக்க வேண்டாமா? அதற்குத்தான் ஓடினேன். எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.

நடுவில் இருக்கிற மூன்று விரலும் போய்விட்டது. வலது கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். சேலத்தில் இருபது நாள் ஆஸ்பத்திரி. செலவு முழுக்க நான் பார்த்தேன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தபின், ஸ்பேனர் பிடிக்கிறது கிடக்கட்டும், சோறு பிசைந்து சாப்பிட வரவில்லை அவனுக்கு. இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்கிறான். ஸ்பூன் கொடுத்தால், "பச்சைப் பிள்ளையாட்டம் இருக்குது" என்று வைத்துவிடுகிறான். கல்யாணம் ஆகாதவன். மலர்க்கொடி, "ஒரு வாரம் இருந்து பிசைஞ்சு குடுத்துட்டு வர்றேன்" என்று மலைக்குப் போனாள். நாலு மாதம் ஆகிறது.

நான் விட்டுவிடுகிறவனா? பங்காளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நியாயமாகப் பேசி முடித்துவிடலாம் என்று. பாயில் உட்கார்ந்தோம். பூபதி எதிரே உட்கார்ந்தான். "உனக்கு என்ன வேணுமோ கேளு" என்றேன். "ஒண்ணும் வேண்டாம் மாமா" என்றான். மறுபடி கேட்டேன். "வேண்டாமுங்க." நாற்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அதிகமாகக் கேட்டால் குறைக்கலாம். குறைவாகக் கேட்டால் சந்தோஷப்படலாம். ஒன்றுமே கேட்காதவனை என்ன செய்வது?

அப்போது ஒன்று செய்தேன். செய்திருக்கக் கூடாது. மாட்டுச் சந்தையில் நாலு பேர் முன்னால் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம் சார். கை மேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் எதிராளியின் விரலைப் பிடிப்போம். ஒரு விரல் பிடித்தால் ஒரு கணக்கு, மூன்று பிடித்தால் ஒரு கணக்கு. பங்காளிகள் இருக்கிறார்கள், அவனுக்குக் கூச்சம், ரகசியமாகச் சொல்லட்டுமே என்று, என் தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டேன்.

பழக்க தோஷம் சார். வேறென்ன. உள்ளே என் விரல் தேடுகிறது, தேடுகிறது. தையல் போட்ட தோல்தான் தட்டுப்படுகிறது, கரடுமுரடாக. அவன் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. அப்படியே கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னால் கையை வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்களே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மலர்க்கொடிதான் வந்து துண்டை எடுத்து, உதறி, மடித்து, என் மடியில் வைத்தாள்.

வாசலில் செருப்புப் போடும்போது பூபதி பின்னால் வந்தான். "மாமா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு எம்மேலதான். மூடி இல்லாத சாமானை நான் தொட்டிருக்கவே கூடாது. பாய்கிட்ட மூடி இல்லைனா நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான்.

நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவனே ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாக இருக்கிறான், அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். அவனுக்காகத்தான்.

அப்புறம் மலர்க்கொடி பண்ணின வேலை. அந்தப் பெட்டி வீட்டில் இருக்கக் கூடாது என்று, என்னைக் கேட்காமல், போனில் நஜீர் பாயைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அவர், "எடுத்துக்கறேம்மா, அதோட மூடி இன்னும் இங்கதான் கெடக்குது, பாதி விலைக்குத் தர்றேன்னேன், அண்ணன்தான் வேண்டாம்னுட்டாரு" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாதவன் வியாபாரத்துக்கு வரலாமா?

அந்த வாரம் சனிக்கிழமை நான் மலைக்குப் போனபோது என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். சண்டை போடுவாள் என்று தயாராகத்தான் போனேன். சண்டை என்றால் நான் ஜெயிப்பேன். அவள் சண்டையே போடவில்லை. "அவங்கிட்ட நீங்க சொல்லுங்க. மூடி இருந்துச்சு, நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லுங்க. அன்னைக்கு நான் கீழ வர்றேன்."

"நீயே சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் இறங்கவில்லை. நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் பஸ்ஸில் ஏறுகிறேன். அவனே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து காத்திருப்பான். பையை வாங்கிக்கொள்வான். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் அவனுக்குப் பிசைந்து உருட்டி வைப்பாள். வைத்துக்கொண்டே என்னைப் பார்ப்பாள். நான் ரசம் நன்றாக இருக்கிறது என்பேன். நாலு மணி பஸ்ஸில் இறங்கிவிடுவேன். பதினொரு சனிக்கிழமை.

சொன்னால் என்ன ஆகும்? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். அவன் என்னை மாமா என்று கூப்பிடுவானா? சொல்லாவிட்டால் இவள் வர மாட்டாள். முன்கதவு இப்போது நன்றாகத் திறக்கிறது சார். வண்டியை வெளியே தள்ளிவிட்டேன். திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நுழைய ஆள் இல்லை.

இன்றைக்கு ஒரு யோசனையோடு வந்திருக்கிறேன். முழுசாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றுமில்லையே. 'மூடி இருந்ததாகப் பாய் இப்போது சொல்கிறார்' என்று சொன்னால்? அதுவும் உண்மைதானே. இல்லை, 'மூடி இருந்தது, ஆனால் விலை அநியாயம்'. இது இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. இல்லையென்றால், 'மூடி இருந்திருந்தால் மட்டும் என்ன, சீல் தேய்ந்த சாமான்தானே'. இது எப்படி? ஏன் சார் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? வெளியே ஒன்றுமில்லை, மரம்தான்.

சரி. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

செம்மேடு வந்துவிட்டது. அதோ, டீக்கடை ஓரத்தில் வெள்ளைச் சட்டை, அவன்தான். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள் சார், என் முகம் தெரியக் கூடாது. தெரியாமல் இருந்தால் அப்படியே கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து திரும்பிவிடுவேன். இந்த வாரம் உடம்பு சரியில்லை என்று போனில் சொல்லிக்கொள்ளலாம். கண்டக்டர், எனக்குக் கடைசி ஸ்டாப்புக்கு ஒன்று கொடுப்பா. என்னது, செம்மேட்டுக்குத்தானே எடுத்தீர்கள் என்றா? எடுத்தேன். இப்போது அங்கே போகிறேன். உனக்கு என்ன வந்தது, டிக்கெட்டைக் கிழி.

எல்லோரும் இறங்கியாயிற்றா? அவன் இன்னும் படியையே பார்க்கிறான். இந்த டிரைவர் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்?

ஏறுகிறான் சார். பஸ்ஸுக்குள்ளேயே வருகிறான். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

வா பூபதி. இல்லை, தூங்கவில்லை. பையை நான் வைத்துக்கொள்கிறேன், விடு. இவர் புதிதாக வந்திருக்கிற வாத்தியார். கீழே இருந்து இவரிடம் ஒரு விஷயம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ இங்கே உட்கார், பக்கத்தில் இடம் இருக்கிறது. சோறு ஆறட்டும், பரவாயில்லை, அக்கா காத்திருப்பாள். உட்காரப்பா. கண்டக்டர், இவனுக்கும் ஒன்று கொடு.

சார், நான் உங்களிடம் சொன்னேன் அல்லவா, சங்ககிரியில், நஜீர் பாய் கடையில். அதை நீங்களே இவனிடம் சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது. ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள் சார்.